மாமாவின் சத்தியக்கடதாசி

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நிரூபிப்பதற்காக ஜெர்மனியிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு இலங்கையில் எங்கள் ஊரான அக்கரப்பத்தனைக்கு வந்தேன். ஆகியிருந்தால் ஒரு சான்றிதழோடு வேலை முடிந்திருக்கும். ஆகாததற்குத்தான் ஆயிரம் கேள்வி.

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். நான் கட்டிக்கொள்ள இருந்தவர் அந்த ஊர்க்காரர், ரயில் பெட்டி பழுதுபார்க்கிறவர், பொறுமைசாலி. கல்யாணப் பதிவுக்கு அவருக்கு ஒரே ஒரு தாள்தான் தேவைப்பட்டது. சாப்பாட்டு இடைவேளையில் நடந்துபோய் வாங்கிக்கொண்டு, மீதி நேரத்தில் சாப்பிட்டும் விட்டார். எனக்குக் கொடுத்த பட்டியலோ இரண்டு பக்கம். பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், பொலிஸ் அறிக்கை, திருமணம் ஆகாதவர் என்ற அத்தாட்சி, அத்தனைக்கும் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, அந்த முத்திரை நிஜமானதுதான் என்று கொழும்பில் இன்னொரு முத்திரை.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நகர மண்டபத்தில் எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் காகிதங்கள் போய்ச் சேராவிட்டால் அந்த நாள் போய்விடும். போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. இந்தச் சான்றிதழ்களுக்கும் பால் பாக்கெட் மாதிரி காலாவதித் திகதி உண்டு. தவறினால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். அதற்கு என்னிடம் லீவும் இல்லை, பொறுமையும் இல்லை. பொறுமை எல்லாம் அவரிடம்தான் இருந்தது.

ஆரம்பம் நன்றாகவே போனது. கிராம சேவகர், ஜெர்மனி நுவரெலியாவை விடக் குளிரா என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரதேச செயலகத்தில் மூன்றாவது தடவை போனபோது என் முகத்தைப் பார்த்ததுமே ஃபைலை எடுத்தார்கள். நானும் கொஞ்சம் திமிராகத்தான் திரிந்தேன்.

பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. காகிதத்தை மட்டும் நம்பமாட்டார்களாம். தூதரகத்துக்காக வேலை செய்கிற வக்கீல் ஒருவர் ஊருக்கு ஆள் அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பாராம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக வாழ்கிற எங்கள் லயத்தில் என்னைப் பற்றி யார் தப்பாகச் சொல்லப்போகிறார்கள்?

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

அந்த ஆள் வந்த அன்று நான் ஹட்டனில் இருந்தேன். அவர் முதலில் எங்கள் தேயிலைத் தோட்டத்தையே கண்டுபிடிக்க முடியாமல் சுற்றியிருக்கிறார். எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள். காகிதத்தில் வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, நாங்கள் கூப்பிடுவது ஒன்று. காகிதப் பெயரை விசாரித்துக்கொண்டே மழையில் நடந்து, சப்பாத்தெல்லாம் சேறாகி, ஒருவழியாக எங்கள் லயத்து வாசலில் வந்து நின்று, என் பெயரைச் சொல்லி, "இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மாவும் அப்பாவும் கோயில் வேலையாகப் போயிருந்தார்கள். வாசலில் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற பக்கத்துக் காம்பரா அக்கா. பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து கூடையை இறக்கியிருக்கிறார். நான் திரும்பி வந்ததும் அவரே கூப்பிட்டு எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார்.

"முன்னப்பின்ன தெரியாத ஆம்பள ஒருத்தன் வந்து பொம்பளப் புள்ளயப் பத்திக் கேட்டா வேற என்னத்த சொல்றது? அவளுக்கு மாமன் மகன் இருக்கான், சடங்கு அன்னைக்கே பரிசம் போட்டாச்சு, கேட்டுக் கீட்டு வராத, கெளம்புன்னு சொன்னேன். கோவிச்சுக்குவான்னு பாத்தா, அத்தனையும் எழுதிக்கிட்டுப் போறான் புள்ள!"

அவர் மட்டுமா சொன்னார்? அடுத்த காம்பரா, அதற்கடுத்த காம்பரா, பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில்கூட எங்கள் லயம் அவ்வளவு ஒற்றுமையாக நின்றதில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், திட்ட வாய் வரவில்லை. "ரொம்ப நன்றிக்கா" என்றேன். "இதுக்கெல்லாம் என்ன" என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. நான் பெரிய பிள்ளையானபோது, அம்மாவின் அண்ணன் இறம்பொடையிலிருந்து சீர்த் தட்டுகளோடு வந்தார். எல்லார் முன்னாலும் ஒரு அரக்குச் சேலையை வெற்றிலை பாக்கோடு வைத்து, "எம் மகனுக்கு இவதான்" என்று பரிசம் போட்டார். அப்பா வாங்கிக்கொண்டார். நான் உள்ளே உளுத்தங்களி தின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. மாமன் மகனையும் யாரும் கேட்கவில்லை. அவன் வாசலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் கொழும்புக்குப் போய் ஒரு துணிக்கடையில் வேலை செய்து, அங்கேயே ஒரு சிங்களப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாகிவிட்டான். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை, பெரிய நிம்மதி. ஆனால் மாமா ஒடிந்துபோனார். ஊரறியக் கொடுத்த வாக்கைத் தன் மகனே மீறிவிட்டான் என்ற வெட்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். தீபாவளிக்கு வரவில்லை, திருவிழாவுக்கு வரவில்லை. அப்பாவோ, தப்பு அவர் பக்கம், அவர்தான் வந்து பேச வேண்டும் என்று இருந்துவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா. ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணனுக்கென்று முறுக்கு எடுத்து வைப்பார். பொங்கல் வரைக்கும் அந்த டின்னைத் திறக்க விடமாட்டார்.

ஒரு வாரம் கழித்து வக்கீல் போன் பண்ணினார். ஊர் வழக்கப்படி எனக்கு ஏற்கெனவே ஒருவரோடு சம்பந்தம் ஆகியிருப்பதாக விசாரணையில் தெரிய வந்திருக்கிறதாம். அப்படி இல்லை என்று அப்பா ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் மேற்கொண்டு அனுப்பலாமாம். எழுத வேண்டிய வாசகத்தையும் அவரே அனுப்பினார். எனக்கு உயிர் வந்தது. ஒரு கையெழுத்துத்தானே?

அப்பாவைக் கூட்டிக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். அங்கே ஆணி, பெயின்ட், தகரம் விற்கிற முஸ்லிம் முதலாளி ஒருவர்தான் சத்தியக்கடதாசிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற சமாதான நீதவான். ஆணிப் பெட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசகத்தைச் சத்தமாகப் படித்தார். மகள் எவரையும் சட்டப்படியோ வழக்கப்படியோ மணமுடிக்கவில்லை. சரி. எவருக்கும் அவளை மணமுடித்துக் கொடுப்பதாக வாக்களித்து, அந்த வாக்கு நிலுவையில் இருக்கவுமில்லை.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கடைசி வரி பொய்ங்க மொதலாளி."

"என்ன தலைவரே, அது முடிஞ்ச கதைதானே?"

"அவங்களும் வந்து முடிக்கல, நானும் போய் முடிக்கல. பரிசச் சேல இன்னும் எம் பொட்டிக்குள்ள இருக்கு. சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல மாட்டேங்க."

அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். துரையிடமும் சரி, தொழிலாளியிடமும் சரி, பேசினால் பேசியதுதான் என்று பேரெடுத்தவர். அந்தப் பேரை வைத்துத்தான் எங்களை வளர்த்தார். அன்றைக்கு எனக்கு அது வினையாக வந்து உட்கார்ந்தது. பஸ்ஸில் வரும்போது பொரிந்து தள்ளினேன்.

"அவனுக்கு ரெண்டு புள்ள இருக்குப்பா! மூத்தது ஸ்கூல் போவுது!"

"புள்ள இருக்கட்டும். பரிசம் இருக்குல்ல."

"அப்ப என்னய ரெண்டாந்தாரமா கட்டிக் குடுக்கப் போறீங்களா?"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அன்றிரவு ஜெர்மனிக்குப் போன் போட்டு அழுதேன். அங்கேயாவது என் பக்கம் ஒரு ஆள் இருக்கும் என்று நினைத்தால், அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு உன் அப்பாவை ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றார். போனை வைத்துவிட்டேன்.

காலையில் நான் எழுந்தபோது அம்மா தகரப் பெட்டியைத் திறந்து அந்த அரக்குச் சேலையை வெளியே எடுத்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கட்டாத சேலை. மடிப்புக்கு மடிப்பு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

"சேலயக் குடுத்துட்டா வாக்கு முடிஞ்சிரும்ல?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா யோசித்துவிட்டு, "முடிஞ்சிரும். ஆனா அவரு கையால வாங்கணும்" என்றார். "அப்ப கெளம்புங்க" என்றார் அம்மா. அவர் ஏற்கெனவே தலைவாரிப் பொட்டு வைத்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

தலவாக்கலையில் ஒரு பஸ், நுவரெலியாவில் இன்னொரு பஸ். இறம்பொடைக்கு இறங்குகிற பாதையின் வளைவுகளில் அம்மா குமட்டலுக்குத் தேசிக்காயை மோந்துகொண்டே வந்தார். மாமா இப்போது தோட்ட வேலையை விட்டுவிட்டு, நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்களுக்கு ரோட்டோரத்தில் அவித்த சோளம் விற்கிறார் என்று மாமன் மகன் போனில் சொல்லியிருந்தான். "உன்னாலதான்டா என் கல்யாணம் நிக்குது" என்று நான் சொன்னதற்கு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கென்ன, அவனிடம் சான்றிதழ் இருக்கிறது.

சோளப் பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மாமா ஒரு வேன்காரருக்குச் சோளம் எடுத்து உப்புத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ரோட்டைக் கடந்து வருகிற எங்களைப் பார்த்தார். இடுக்கியைப் போட்டார். விறுவிறுவென்று கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

"அண்ணே, ஓடாத!" என்று அம்மா ரோட்டில் நின்றே கத்தினார். "கையில உப்போட எங்க போற?"

வேனில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மாமா கடைத் தகரத்துக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சண்டைக்கு வந்தீங்களா மாப்ள?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"இல்ல மச்சான். பரிசத்தக் குடுக்க வந்தோம். புள்ளய விட்டுக் குடுங்க."

எதற்காக என்று நான்தான் சொன்னேன். ஜெர்மனி, வக்கீல், சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் மாமா கேட்டார். சேலையைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான்தான் ஒங்க வீட்டுக்கு வந்து தல குனிஞ்சு நிக்கணும். வர மொகம் இல்லாமத்தான் இத்தன நாளு இருந்தேன். ஆனா சேலய வாங்க மாட்டேன் மாப்ள. அதத் திருப்பி வாங்கினா எந் தங்கச்சி ஒறவையே திருப்பி வாங்கின மாதிரி."

"நீங்க வாங்காட்டி நான் சத்தியம் பண்ண ஏலாது மச்சான்."

"பண்ணாதீங்க. நான் வாங்க மாட்டேன்."

ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதை விட ஒரு கெட்டவனிடம் மாட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. பானையில் சோளம் குழைந்துகொண்டிருந்தது. டிசம்பர் வெள்ளிக்கிழமை என் கண் முன்னாலேயே கை நழுவிப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கி வந்தார். பாதி வெற்றிலையைச் சேலை மேல் வைத்தார். மாமாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, சேலையை அதில் வைத்தார்.

"இந்தா, பரிசம் ஒன்கிட்ட வந்திருச்சு. பாத்துக்கிட்டீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, பார்த்தேன் என்று தலையாட்டினார்.

மீதி வெற்றிலையையும் சேலை மேல் வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். "இப்ப மருமகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வெறுங்கையோடவா நிப்ப? சீர் குடு."

மாமா ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. சேலையைத் தலைக்கு மேல் ஒரு தடவை தூக்கிக் கும்பிட்டுவிட்டு என் கையில் கொடுத்தார். நான் அந்த ரோட்டோரத்திலேயே விழுந்து கும்பிட்டேன். முழங்காலெல்லாம் சேறு. வேன்காரர் என்னவென்று தெரியாமலேயே கை தட்டினார். அம்மா தகரத்தில் சாய்ந்துகொண்டு, "இம்புட்டு வருசமா எங்கண்ணன் மொகத்தப் பாக்காம இருந்திருக்கேன், இந்த ரெண்டு வெத்தலைக்காவா?" என்று சத்தம் போட்டு அழுதார். அப்பாவும் மாமாவும் திட்டு வாங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். குழைந்த சோளத்தை நாங்களே தின்றோம்.

மறுநாள் தலவாக்கலைக் கடைக்கு மாமாவும் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அப்பா தயங்காமல் கையெழுத்துப் போட்டதும், தனக்கும் ஒரு சத்தியக்கடதாசி வேண்டும் என்றார். முதலாளி சிரித்தார். "ஒங்களுக்கு அவசியமில்லங்க, தகப்பன் குடுத்தாப் போதும்."

"வாக்குக் குடுத்தது நான். நான் குடுக்காம எப்படிங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எழுதச் சொன்னேன். இந்தப் பிள்ளையின் தாய்மாமனாகிய நான், என் மகனுக்கென்று கேட்ட உரிமையை முழு மனதோடு விட்டுக்கொடுத்து, அவள் விரும்புகிற இடத்தில் அவளைக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறேன். மாமா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்கும் மொழிபெயர்ப்பு, அதற்கும் முத்திரை, முத்திரைக்கு முத்திரை. எனக்கு அதில் அலுப்பே தெரியவில்லை.

காகிதங்கள் போய்ச் சேர்ந்தன, வெள்ளிக்கிழமையும் பிழைத்தது. நகர மண்டபத்தில் பதிவு செய்கிற பெண்மணி எங்கள் ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாளில் நின்று, மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"இது நாங்கள் கேட்டதில்லையே. இந்த மாமா யார்? சட்டப்படி இவருடைய சம்மதம் தேவையில்லை."

நான் வாயைத் திறப்பதற்குள் என்னவர் முந்திக்கொண்டார். "எங்களுக்குத் தேவை" என்றார். அந்தப் பெண்மணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். தாளை எடுத்து வெளியே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். திரும்ப ஃபைலுக்குள்ளேயே வைத்துத் துளை போட்டு மாட்டினார்.

வெளியே வந்து படியில் நின்று வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்தோம். எங்கள் காம்பராவில் லயமே கூடியிருந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து மாப்பிள்ளையைப் பார்த்து, "ஆளு நல்லாத்தான் இருக்கான்" என்றார். அவரைத் தள்ளிக்கொண்டு மாமாவின் முகம் திரை முழுக்க வந்தது. முதல் நாளே இறம்பொடையிலிருந்து வந்துவிட்டாராம். மடியில் முறுக்கு டின்.

"எங்க புள்ள சேல? கட்டலயா?"

"கட்டியிருக்கேன் மாமா. மேல கோட்டு."

"கோட்டக் கழட்டு, பாப்போம்."

பனி கொட்டிக்கொண்டிருந்தது. என்னவர் வேண்டாம் என்று தலையாட்டினார். கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மாமாவின் தோளுக்குப் பக்கத்தில் அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். அண்ணனும் தங்கச்சியும் ஒரே திரையில் இருந்தார்கள். பல் கிடுகிடுவென்று அடித்தது. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.